சத்துமாவு உருண்டையும் என் வீட்டுக்காரரும்

மகள் பிறந்த பிறகு எங்கள் தெரு அங்கன்வாடியில் என் பெயரைப் பாலூட்டும் தாயாகப் பதிந்துகொண்டு, மாதாமாதம் சத்துமாவும் வெல்லமும் கொடுத்தார்கள். நான் அதை வறுத்து, நெய் விட்டு உருண்டை பிடித்து டப்பாவில் போட்டு வைப்பேன். டப்பா மட்டும் சீக்கிரமே காலியாகிவிடும்.

திருடன் யார் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறார். காலையில் கிளம்பும்போது வாயில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று. கேட்டால், "நெய் வாசம் கூப்புடுது, நானென்ன பண்ணட்டும்?" என்பார். சொந்த ஊர் ஹனூர் பக்கம். மைசூரில் இத்தனை வருஷம் இருந்தும் பேச்சில் அந்த ஊர் இழுவை போகவில்லை.

எடை பார்க்கும் நாளில் குழந்தை ஏறியிருந்தாள், நான் இறங்கியிருந்தேன்.

"ஏனம்மா இது?" என்றார் டீச்சர். அவர் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர். "மாவு சாப்பிடறியா, இல்லையா?"

"சாப்பிடறாங்க டீச்சர். நான் இல்லை."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அதட்டினா கேக்க மாட்டாங்க. பயமுறுத்திப் பாரு" என்று என் காதில் ஒரு யோசனையைச் சொன்னார். நாங்கள் சிரித்த சிரிப்பில் என் மடியில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்தேன்.

"ஏங்க, அந்த மாவுல பால் சுரக்கறதுக்கு மருந்து கலந்திருக்காம். ஆம்பளைங்க சாப்பிட்டா..."

"சாப்பிட்டா?"

"போங்க, எனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு."

கடித்த பாதி உருண்டையை அப்படியே டப்பாவில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்த வெயில் காலத்தில் சட்டையைக் கழற்றாமலே தூங்கினார். மறுநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "ஏம்மா, என்ற நெஞ்சுல ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார்.

"லேசா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

கடைக்கு லீவு வந்ததும், குழந்தையைத் தூக்க ஆள் வேண்டாமா என்று அவராகவே என்னோடு அங்கன்வாடிக்குக் கிளம்பினார். அன்று அம்மாக்கள் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தவர், நான் குழந்தையைத் தொட்டியில் எடை போடும் நேரம் பார்த்து டீச்சரிடம் போய்க் கிசுகிசுத்தார்.

டீச்சர் முகத்தில் துளி சிரிப்பில்லை. "எத்தனை உருண்டை தின்னீங்க அண்ணா?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

மூலையில் இருந்த ஒருத்திக்கு அடக்க முடியவில்லை. அவள் வெடித்ததும் மற்றவர்களும் வெடித்தார்கள். விஷயம் தெரியாத வாண்டுகள் கை தட்டின. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தை மும்முரமாகப் பார்த்தேன்.

"மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை அண்ணா. கோதுமையும் பயறும் கடலையும்தான், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டீச்சர். "ஆனா இவ உடம்பைப் பாத்தீங்களா?"

என்னை எடை மெஷினில் ஏற்றினார். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பிரசவமான புதிதில் என்ன எடை இருந்தேன் என்று டீச்சர் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"இதை நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. அப்போ உங்க வாய் நிறைய உருண்டை இருந்துச்சு."

ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் குழந்தையை அவரே தூக்கிவந்தார். அங்கே வந்ததும் நின்று, "இந்த வேக்காட்டுல சட்டையோட தூங்கினனே, பாவி!" என்று தானே சிரிக்க ஆரம்பித்தார்.

அடுத்த நாள் தனக்கென்று மார்க்கெட்டில் கடலையும் வெல்லமும் வாங்கிவந்து, என்னைக் கிட்டே விடாமல் உருண்டை பிடித்தார். பாகு முறுகிவிட்டதால் கல்லாகிப்போனது. ரோஷத்தில் அத்தனையையும் அவரே கடித்துத் தீர்த்தார். என் டப்பாவைத் தொடவில்லை. ஆனால் மத்தியானம் கடையிலிருந்து போன் செய்து, "தின்னாச்சா?" என்று கேட்டார். தின்றுவிட்டேன் என்று சொன்னால் நம்பாமல் வீடியோவில் வரச் சொன்னார்.