காந்தத்துக்கு வைத்த பொட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். துறையில் நான் ஒருத்திதான் பெண். அந்த ஆயுதபூஜையை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும்.

இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அதற்கு அடிப்படையான விஷயம்தான் என் ஆய்வு. காந்தத்தின் இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், தண்ணீரிலிருந்து ஒரு சின்ன சிக்னல் திரும்பி வரும். காந்தப்புலம் வலுவாக இருந்தால் அது திரையில் நிமிர்ந்து நிற்கும். வலு குறைந்தால் இரைச்சலுக்குள் புதைந்துவிடும்.

எங்கள் காந்தமோ மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டும் கடையில் சுற்றி வாங்கியது. அதற்கு வலு போதாது. புலமாவது எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கிடைக்கிற கொஞ்ச சிக்னலும் பரவி அழிந்துவிடும். அதற்காகப் பால் பவுடர் டின்னை வெட்டி, மெல்லிய தகரத் துண்டுகளைக் காந்தத்தின் முகங்களில் ஒட்டினேன். கொஞ்சம் நகர்த்துவது, திரையைப் பார்ப்பது, மறுபடி நகர்த்துவது. மாதக்கணக்கில் இதுவே வேலை. கடைசியில் சிக்னல் வந்தது. விடுமுறை முடிந்ததும் வெளியூர்ப் பேராசிரியர்கள் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் நான் ஆய்வைத் தொடரலாம். நிம்மதியாக, பூஜைக்கு ஊருக்குப் போனேன்.

நான் திரும்பி வந்த காலையில் அந்தப் பேராசிரியர்கள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பரபரவென்று கருவியைப் போட்டேன். திரையில் வெறும் இரைச்சல். மின்சாரத்தைக் கூட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை.

துறைத் தலைவர் வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே, "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு நான் அப்பவே சொன்னேன், பாத்தீகளா?" என்றார்.

டார்ச் அடித்துக் காந்தத்துக்குள் பார்த்தேன். ஒரு துண்டுத் தகரம் இல்லை. பித்தளைக் குடம் விளக்குவதுபோல் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பளபளத்த இரண்டு முகங்களிலும் நடுநாயகமாகச் சந்தனம், குங்குமம்.

"யார் செஞ்சது?" என்று கத்தினேன்.

அட்டெண்டர் மிரண்டுபோனார். "ஐயாதாம்மா சொன்னாக. பூசைக்கு மிசினு அசிங்கமா இருக்கு, அந்தத் தகரத்தையெல்லாம் சுரண்டிப் போடுன்னாக."

தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வந்திருப்பவர்கள் யார் என்பதுகூட மறந்துவிட்டது.

"நீங்க சுரண்டச் சொன்னது அழுக்கில்ல சார், என் உழைப்பு! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? பழியை மட்டும் என் தலையில போடுறீக!"

"பெரியவுககிட்ட பேசுற பேச்சா இது?" என்று அவர் எகிறினார்.

வந்தவர்களில் மூத்தவர் கையமர்த்தி, "சாயங்காலம்தாம்மா எங்களுக்கு பஸ். அதுக்குள்ள முடியுமா?" என்றார்.

முகங்களைத் துடைத்துவிட்டு, இன்னொரு டின்னை வெட்டி, ஞாபகத்தை வைத்தே ஒட்டினேன். அழுகை முட்டியது, அழ நேரமில்லை. பழைய நேர்த்தி வராததால் காந்தப்புலத்தையாவது கூட்டுவோம் என்று மின்சாரத்தைக் காயில் தாங்குகிற மட்டும் ஏற்றினேன். வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்த நேரத்தில், இரைச்சலுக்கு மேலே குட்டையாக ஒரு மேடு எழுந்தது. மூத்தவர் குழாயை வெளியே எடுக்கச் சொன்னார், மேடு மறைந்தது. திரும்ப வைக்கச் சொன்னார், வந்தது. "போதும்மா, நீ தொடர்ந்து செய்" என்றார்.

அவர்களை வாசல்வரை வழியனுப்பப் போன தலைவர் சொன்னது என் காதில் விழுந்தது. "பூசை போட்ட ராசி. சிக்னல் எப்படி வந்துருச்சு பாத்தீகளா!"

சமீபத்தில் முழங்கால் வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனேன். மூன்று டெஸ்லா வலுவுள்ள காந்தம், படம் கண்ணாடி மாதிரி வரும் என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். அந்த இயந்திரத்தின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். "யார் வச்சது?" என்றேன். "நான்தாம்மா. இத ஓட்டுறது நான்தானே" என்று சிரித்தாள். அந்தப் பொட்டின் மேல் எனக்கு என்றுமே கோபம் இருந்ததில்லை. என்னைக் கேட்காமல் என் காந்தத்தில் கை வைத்த அந்த மனிதரை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.