வாங்காமல் வைத்திருந்த முன்கம்பி

ஓக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் ஒரு கிடாரி மாடு வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து என் ஜீப்பின் மூக்கை உடைத்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கால்நடை வைத்தியர் என்பதால் முதலில் அதைத்தான் தடவிப் பார்த்தேன். பிழை முழுக்க என்னுடையது என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அது புல் மேயப் போய்விட்டது. ஜீப்பின் ஒரு பக்க விளக்கு நொறுங்கி, முன் தகரம் உள்ளே போயிருந்தது. பண்ணைக்காரர் வந்தார். எனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, மாடு இடித்தால் தாங்குகிற முன்கம்பி, இங்கத்தைப் பேச்சில் 'புல் பார்', போடாமல் இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவருக்கு மூளை இல்லை என்ற கருத்தில் ஏதோ சொன்னார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். ஆனாலும் அவர் சொன்னது சரி என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஜீப் என்று சொல்வது பழக்கதோஷம். நாலு சில்லும் இழுக்கிற உயரமான வாகனம் எதுவானாலும் யாழ்ப்பாணத்தாருக்கு அது ஜீப்தான். என்னுடையது பலர் ஓட்டிக் களைத்த ஒரு ஜப்பான் வண்டி. ஒடாஹுஹுவில் வாடகைக்கு ஒரு வீடு, தெற்கே பண்ணைகளில் வேலை, இரண்டுக்கும் நடுவில் இந்த வண்டி. எண்பதுகளின் நடுவில் ஓக்லாந்தில் என் வாழ்க்கை இவ்வளவுதான். என் கணவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். எனக்கு வேலையோடு விசா வந்துவிட்டது. அவருடைய விசா பொலிஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் என்று இழுபட்டுக்கொண்டிருந்தது. ஊரிலும் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. அவர் வந்து சேருவாரா என்பதைத் தவிர வேறு எதையும் அந்த நாட்களில் நான் உண்மையாக யோசித்ததில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடன் பேசுவேன். ஒப்பரேட்டரிடம் சொல்லி அழைப்பை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அங்கே அது காலை நேரம். அவருடைய சிநேகிதர் ஒருவர் யாழ்ப்பாண நகரத்தில் இரும்புக்கடை வைத்திருந்தார். கடையில் தொலைபேசி இருந்தது. என்னவர் கடை திறக்கிற நேரத்துக்கே போய்க் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருப்பார். சனிக்கிழமை என்பதால் ஆணி வாங்க வந்தவர், தகரம் வாங்க வந்தவர், ஒன்றும் வாங்காமல் பேப்பர் பார்க்க வந்தவர் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். அத்தனை பேருக்கு நடுவில் எந்த யாழ்ப்பாணத்து மனுசன் பெண்சாதியிடம், உம்மைப் பார்க்க வேணும் போல இருக்கிறது என்று சொல்லுவான்? கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டான். எனக்கும் சொல்ல வராது. கலியாணமாகி ஆறு வருசம் ஒரே வீட்டில் இருந்தபோதே நாங்கள் அந்த மாதிரி ஒன்றும் பேசிக்கொண்டதில்லை.

"சுகமோ?" என்பார்.

"ஓம். அங்கை?"

"ஓம், சுகம்தான். அங்கை குளிரோ?"

"ஓம், குளிர்."

அதற்குப் பிறகு காசு ஓடும், வார்த்தை ஓடாது. கடலுக்கு அடியால் வருகிற இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருவரும் சும்மா நிற்போம். தொலைபேசியை வைத்த பிறகு சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்து அழுவேன். அதுதான் வழக்கம்.

மாடு இடித்த அந்தச் சனிக்கிழமை வாய் தவறி விசயத்தைச் சொல்லிவிட்டேன். மறுபக்கம் ஒரே பதற்றம்.

"உமக்கு அடிகிடி பட்டதே?"

"எனக்கொண்டும் இல்லை. ஜீப்புக்குத்தான். முன்னுக்கு ஒரு கம்பி பூட்ட வேணுமாம்."

"என்ன கம்பி? எப்பிடிக் கம்பி?"

சொன்னேன். அவர் அதை உரத்துத் திருப்பிச் சொன்னார், கடைக்காகத்தான். சொன்னதும் இரும்புக்கடை முழுக்க உயிர் வந்துவிட்டது. பின்னால் எத்தனையோ குரல்கள்.

"இஞ்சரும், முதலாளி சொல்லுறார் குழாய் ரெண்டங்குலத்துக்குக் குறையக் கூடாதாம். பம்பரிலை பூட்ட விடாதையும். அடிச் சட்டத்திலை பிடிக்க வேணுமாம், இல்லாட்டி மாடு இடிச்சா கம்பியும் சேர்ந்து உள்ளுக்கை வரும். விளங்குதே?"

என்னவர் வாழ்நாளில் சைக்கிளைத் தவிர வேறு வாகனம் வைத்திருந்ததில்லை. கணித ஆசிரியர். ஆனால் அன்று அவர் பேசிய பேச்சைக் கேட்டால் பிறந்ததிலிருந்தே ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தவர் என்று நினைப்பீர்கள். அன்று தொலைபேசியை வைத்த பிறகு நான் அழவில்லை. ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பக்குரங்காவுக்குப் போனேன். அங்கே கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் வாகன உதிரிகள் விற்கும் கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் குரோம் பூசிய புத்தம் புதுக் கம்பிகள் மினுங்கின. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். விற்பனைப் பையன் விலையைச் சொல்லிவிட்டு, என் சேலையையும் அதன் கீழே இருந்த ரப்பர் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். அலுமினியத்திலும் ஒன்று காட்டினான். பாரமில்லை, விலையும் கொஞ்சம் குறைவு. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

"அலுமினியமோ!" என்றார் அன்று பின்னேரம். "மாடு இடிச்சா அது சோத்துக் கோப்பை மாதிரி நெளியும். குரோமும் வேண்டாம். மினுக்கத்துக்குக் காசு குடுக்கிறதோ?" கடைக்குள் எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரும் சிரித்தார். அவருடைய சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று நினைத்துப் பார்த்தேன்.

பிறகு ஒடாஹுஹுவில் என் வீட்டுக்குக் கிட்டவே பழைய வாகனங்களை உடைத்து விற்கும் யார்ட் ஒன்றுக்குப் போனேன். வேலி நெடுகக் கம்பிகள் சாத்தி வைத்திருந்தார்கள். வேறு வேறு வண்டியில் கழற்றியவை. ஒன்று லொறிக்குச் செய்ததுபோல் பாரம். அதைப் பூட்டினால் முன் வில்லு அமர்ந்து ஜீப் தலை குனிந்து நிற்கும். இன்னொன்றின் குறுக்குக் குழாய் சரியாக விளக்குக்கு நேரே வந்தது. இன்னொன்று ரேடியேட்டருக்குக் காற்று போக விடாது. கடைசியில் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு சாதாரண இரும்புக் கம்பி. விலை என் கைக்கு அடக்கம். ஒரு கால் மட்டும் சற்றே வளைந்திருந்தது. துளை போட்டு நிமிர்த்திப் பூட்டலாம் என்றார் யார்ட்காரர்.

எடுத்திருக்க வேண்டியதுதான். பேர்சைத் திறந்தும் விட்டேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இதை இன்றைக்கு வாங்கிப் பூட்டிவிட்டால் பின்னேரம் அவரிடம் என்ன சொல்வது? பூட்டியாச்சு என்பேன். நல்லது என்பார். அதற்குப் பிறகு குளிரோ, ஓம், குளிர். பேர்சை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று முதல் நான் கம்பி பார்ப்பதையே ஒரு தொழிலாக வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் பார்க்கிறது, பின்னேரம் குறை சொல்கிறது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். வாங்க மனமில்லாத எனக்கு எல்லாக் கம்பியும் கோணல். இது அகலம், அது உயரம், இதில் துருப்பிடித்த கறள், அதில் ஒட்டு. மனுரேவாப் பக்கம் ஒரு கடை, மலிவு விற்பனை என்று பேப்பரில் வந்த விளம்பரம், தண்ணீர்க் குழாயை வளைத்துத் தானே ஒட்டித் தருவதாகச் சொன்ன ஒரு பண்ணைக்காரர், ஒன்றையும் விடவில்லை. அந்தத் தண்ணீர்க் குழாயை வைத்து நாங்கள் மூன்று சனிக்கிழமைகள் பேசினோம். கனம் போதுமா, வெல்டிங் நிற்குமா, வண்டி ஓட்டத் தகுதியானது என்ற வாரன்ட் எடுக்கப் போகும்போது கூர் முனை இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்களா என்று என்னவர் ஒரு கணக்கு வாத்தியாரின் பொறுமையோடு படிப்படியாகக் கேட்பார். நான் விடை சொல்லுவேன். சில வேளை வேண்டுமென்றே பிழையாகச் சொல்லுவேன். அப்போதுதான் அவர் இன்னும் கொஞ்ச நேரம் திருத்துவார்.

சிக்கனத்துக்காகத்தான் இவ்வளவு அலைச்சல் என்று வேலை இடத்தில் சொல்லி வைத்திருந்தேன். அப்போது வந்த தொலைபேசி பில்லுக்குப் பக்குரங்காக் கடையின் குரோம் கம்பியையே வாங்கியிருக்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எனக்கு அது ஒரு துளியும் கவலையாக இல்லை. பகலுக்குப் பாணும் சம்பலும் சாப்பிட்டேன், குளிருக்குப் பழைய கம்பளிச் சட்டையையே போட்டேன். சனிக்கிழமை பின்னேரம் அந்தக் குரல் வந்தால் போதும்.

ஒரு சனிக்கிழமை அழைப்புப் போகவில்லை. லைன் கிடைக்கவில்லை என்றார் ஒப்பரேட்டர். அடுத்த கிழமையும் இல்லை. அதற்கு அடுத்த கிழமை, யாழ்ப்பாணத்துக்கு லைனே இல்லை என்றார், மிகவும் மரியாதையாக. இங்கத்தைப் பேப்பரில் எங்களுடைய ஊரைப் பற்றி ஒரு மூலையில் நாலு வரி வந்திருந்தது. நகரத்தில் குண்டு விழுந்ததாக இருந்தது. எந்தத் தெரு என்று போடவில்லை. அவர்களுக்கு எதற்குத் தெரு?

மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. மாடுகளுக்கு ஊசி போட்டேன், கன்று இழுத்தேன், வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை காலைகளில் எங்கும் போகவில்லை. பின்னேரம் மட்டும் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவேன். ஒரு தரம் அது அடித்தது. பாய்ந்து எடுத்தேன். அந்தக் கறுப்புக் கம்பி வேண்டுமா, வேறு ஆள் கேட்கிறார் என்றார் யார்ட்காரர். பாவம், நல்ல மனிதர். நான் கத்திய கத்தலில் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பிறகு ஒரு புதன்கிழமை விடியற்காலையில் தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து பேசினார். பாதை திறந்த ஒரு நாளில் லொறியிலும் பஸ்ஸிலுமாக வந்து சேர்ந்திருக்கிறார். அன்று அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட கூண்டுக்குள் தனியாக நிற்கிறேன் என்று அவரே சொன்னார். எதையும் சொல்லலாம். நானும் சொல்லலாம். இருவருக்கும் வாய் வரவில்லை. அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"கம்பி பூட்டிட்டீரோ?" என்றார் கடைசியில்.

"இல்லை."

"நல்லது. பூட்டாதையும். விசா கிடைச்சிட்டுது. நான் வந்து பாக்கிறன்."

வந்தார். பாதியாக மெலிந்து, இரவல் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் என் கையிலிருந்த பூவை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிக்கு மேல் வைத்தார். அந்தக் கிழமை முழுக்க அதிகம் பேசவில்லை. களைப்பு என்று விட்டுவிட்டேன். இரும்புக்கடை என்ன ஆனது என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

சனிக்கிழமை காலை அவரை யார்ட்டுக்குக் கூட்டிப் போனேன். எனக்கு ஒரே சந்தோசம். இவ்வளவு காலம் நான் சொல்லக் கேட்டதை இனிக் கண்ணால் பார்க்கப் போகிறார். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார், கணக்குப் பார்ப்பார், பகல் முழுக்க ஓடும் என்று சாப்பாடுகூடக் கட்டி எடுத்திருந்தேன். அவர் வேலி நெடுக ஒரு தரம் நடந்தார். கால் வளைந்த அந்தக் கறுப்புக் கம்பி, மற்ற ஆள் வாங்காமல் விட்டது, அங்கேயே சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் நின்றார்.

"இது காணும். இதை எடுப்பம்."

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. யார்ட்காரர் துளை போட்டுக் காலை நிமிர்த்தி அடிச் சட்டத்தில் இறுக்கித் தந்தார். வீட்டுக்கு வரும் வழியில் என்னால் தாங்க முடியவில்லை. ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ரெண்டங்குலம், மூண்டங்குலம், வெல்டிங், கறள் எண்டு எவ்வளவு கதைச்சனீங்கள்! வந்து அஞ்சு நிமிசத்திலை முடிச்சிட்டியள். இனி என்னத்தைக் கதைக்கிறது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் அழுகிறேன் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"இனி என்னத்துக்குக் கதைக்க வேணும்?" என்றார். "பக்கத்திலைதானே இருக்கிறன்."

நியாயமான பேச்சு. அன்றிலிருந்து பக்கத்திலேயேதான் இருக்கிறார், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல். ஒரு குறையும் இல்லை. ஆனால் சனிக்கிழமை பின்னேரம் ஆனால், அவர் முன்னால் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடலுக்கு அப்பாலிருந்து என்னோடு பேசிய அந்த மனிதர் எனக்கு வேண்டும் போல இருக்கும். அதை இவரிடம் போய் எப்படிக் கேட்பது?