வன்தட்டில் போட்ட பிள்ளையார் சுழி

என் கல்யாணப் பத்திரிகையை அழித்தவன் நான்தான். பழியைத் தூக்கிப் போட வேறு ஆள் கிடையாது. எச்சரிக்கை இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில். அதை வாசித்து, அர்த்தமும் விளங்கி, அதற்குப் பிறகுதான் ‘ஆமாம்’ என்பதற்கான ‘ஒய்’ விசையை அழுத்தினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் வன்தட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் விண்டோஸும் மறு பாதியில் லினக்ஸும் வைத்திருந்தேன். தமிழில் தட்டச்சு செய்ய விண்டோஸ், பந்தா காட்ட லினக்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் மிஷினை அணைத்து மறுபடி கிளப்ப வேண்டும். அதற்கு நாலு நிமிஷம் பிடிக்கும். அந்த நாலு நிமிஷத்தை நான் பெரிய மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா காலமாகிவிட்டதால் பத்திரிகை வேலையை மாமா ஏற்றுக்கொண்டார். மாமா அம்மாவுக்கு அண்ணன், தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பெயரையெல்லாம் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று கீழே வருகிற சொந்தக்காரர் பட்டியலைத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். தன் பெயர் இருக்கிறதா, இருந்தால் யாருக்குக் கீழே, அவன் எப்போதிலிருந்து நமக்கு மேலே என்று வரிசையாகக் கேள்விகள் வரும். பெயர் விட்டுப்போன கோபத்தில் பத்து வருஷம் பேசாமல் இருந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு.

அதனால் மாமா மூன்று மாதம் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பட்டியலைத் தயார் செய்தார். பெரிய சிக்கல் முக்கூடல் பெரியப்பாவுக்கும் களக்காட்டுச் சித்தப்பாவுக்கும் இடையில். பெரியப்பா வயதில் மூத்தவர், சித்தப்பா உத்தியோகத்தில் மூத்தவர். இருவரையும் ஒரே வரியில் போடலாம் என்று மாமா முடிவு செய்தார். இடது பக்கம் யார் என்று அடுத்த சண்டை வந்தது. கடைசியில் சித்தப்பாவுக்கு இடது பக்கம், பெரியப்பாவுக்குத் தடித்த எழுத்து என்று உடன்பாடு ஆயிற்று. இரண்டு நாடுகள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில்கூட இவ்வளவு நுணுக்கம் இருந்திருக்காது.

நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள். மாமா வாசிக்க வாசிக்க நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் மாமா தன் நோட்டிலிருந்து அந்தத் தாள்களைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார்.

“எதுக்கு மாமா?” என்றேன்.

“எழுதுனது இருந்தா என்னைக்காவது ஒருத்தன் கண்ணுல படும் மருமவனே. யார் பேரை எத்தன தடவ அடிச்சு எழுதிருக்குன்னு எண்ணுவாவ. அதுக்கு ஒரு சண்ட வரும்.”

ஆக, உலகத்தில் அந்தப் பட்டியல் இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஒன்று என் வன்தட்டு, இன்னொன்று ஒரு பிளாப்பித் தட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து பிளாப்பியை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் எனக்கு வேண்டாத ஆசை வந்தது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் லினக்ஸின் புதிய கெர்னல் இருந்தது. கெர்னல் என்பது அதன் அடித்தளம்; மற்றதெல்லாம் அதன்மேல்தான் ஓடும். அதில் புதிதாக டிரைவர் என்ற ஒரு துணை நிரலைச் சேர்த்திருந்தார்கள். அதைப் போட்டால் லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸ் பாதியைத் திறந்து பார்க்கலாம். என் நாலு நிமிஷம் மிச்சமாகும்.

கெர்னலை நம் மிஷினுக்கு ஏற்றபடி நாமே கட்ட வேண்டும்; கட்டுவதற்கு முன் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். இந்த டிரைவர் வேண்டுமா? வேண்டும். வாசிக்க மட்டும் போதுமா, எழுதவும் வேண்டுமா? எழுதுவது சோதனை நிலையில் இருக்கிறது, ஆபத்து. எனக்கு வாசித்தால் போதும். ஆனால் சும்மா கொடுக்கிற ஒன்றை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ‘ஒய்’ கொடுத்தேன்.

ஏதாவது கோளாறு ஆனால் மிஷினைக் கிளப்ப ஒரு பிளாப்பியை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள் என்று அடுத்த அறிவுரை. நான் பாதுகாப்பில் கருத்தானவன். பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருந்த பிளாப்பிகளில் எல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் பழுதில்லாமல் இருந்தது. அதில் கல்யாணப் பட்டியல் இருந்தது. ‘வன்தட்டில்தான் இருக்கிறதே, சாயங்காலம் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்’ என்று அதை அழித்துப் பாதுகாப்புப் பிளாப்பி செய்தேன். இப்படி ஒரு பாதுகாப்பை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

கெர்னல் கட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியிருந்தது. திரையில் வரிவரியாக எழுத்து ஓடுவதை அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

“என்னலே செய்யுத? அதுபாட்டுக்கு ஓடுதே, நிக்கவே நிக்காதா?”

“புதுசா ஒண்ணு போடுதேன்ம்மா.”

“பழசுக்கு என்ன கேடு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று காலை அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

மிஷின் புதுக் கெர்னலோடு எழுந்தது. கட்டளையை அடித்தேன். விண்டோஸ் பாதி அப்படியே லினக்ஸுக்குள் திறந்துகொண்டது. கல்யாண வேலைக்கென்று நான் வைத்திருந்த ஃபோல்டரும் தெரிந்தது, அதற்குள் பட்டியலும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் அடுக்களையை நம் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு சந்தோஷம். ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஆனால் ஒரு புது வேலையைத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி போடாமல் எப்படி இருப்பது? பரீட்சைத் தாளானாலும் மளிகைச் சீட்டானாலும் மேலே ஒரு ‘உ’ போடாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் கை ஓடாது. கோடு கிழித்துக் கணக்குப் போடும் முன்கூட அதைப் போட்டுத்தான் பழக்கம். டிரைவர் புதிது, அதில் முதலில் எழுதுவது மங்களகரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்போதிருந்த தமிழ் எழுத்துருக்களில் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். ஆங்கில ‘சி’யை அடித்தால் ‘உ’ தெரியும். கல்யாண ஃபோல்டரிலேயே ஒரு புதுக் கோப்பு திறந்து, அந்த ஒரு எழுத்தை அடித்து, சேமித்தேன். கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

பிறகு விண்டோஸுக்கு மாறினேன். அது எழுந்திருக்கவில்லை. நீலத் திரையில் நின்றுகொண்டு வன்தட்டைச் சோதிக்கிறேன் என்றது. இந்தக் குறிப்பை நீக்குகிறேன், அந்தக் குறிப்பை நீக்குகிறேன் என்று ஒரு மணி நேரம் நீக்கியது. கடைசியில் எழுந்தது. கல்யாண ஃபோல்டரைத் திறந்தேன். பட்டியல் இல்லை. பிள்ளையார் சுழி மட்டும் பத்திரமாக இருந்தது.

சொன்ன நேரத்துக்கு மாமா வந்தார். நான் எழுந்து நின்று, எதையும் மறைக்காமல் சொன்னேன். பிளாப்பியை அழித்ததையும் சொன்னேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். “என்னத்தலே எழுதுன?”

“பிள்ளையார் சுழி மாமா.”

“அது மட்டுமா? ஒரு எழுத்துக்கு நூத்திப் பதினெட்டு பேரும் போயிட்டாவளா?”

அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். “இனி ஊர் ஊரா அலைய என் காலுக்குச் சக்தி இல்ல மருமவனே. யாரை எங்கன போட்டேன்னு எனக்கே ஞாபகமில்ல. ஒரு பேரு மேல கீழ ஆனாக்கூட மண்டபத்துல வெட்டு குத்துதான்” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. பேசாமல் பெண் வீட்டுக்கு ஆள் அனுப்பி, மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று சொல்லச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

காப்பி கொண்டுவந்த அம்மாதான் கேட்டாள். “ஏண்ணே, அந்த மிஷின்கிட்டயே விட்டுட்டா என்ன? அதுவே வரிசை போட்டுக்கிடாதா?”

மாமா தலையை நிமிர்த்தினார். காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

“ஜாதகமே இப்ப கம்ப்யூட்டர்லதான் எழுதுதாவ. அத ஒத்துக்கிடுதாவல்லா? பத்திரிகைய ஒத்துக்கிட மாட்டாவளா? வரிசை கம்ப்யூட்டர் போட்டதுன்னுருவோம். கம்ப்யூட்டர்கிட்ட எவன் சண்டைக்குப் போவான்?”

அம்மாவும் மாமாவும் மாறி மாறிப் பெயர்களைச் சொன்னார்கள், நான் அடித்தேன். இந்த முறை யாராவது விட்டுப்போய்விடுவார்களோ என்று மாமா பயந்தே போயிருந்தார். நூற்று முப்பதைத் தாண்டிய பிறகு அம்மா, “ஏரல் அத்தான்?” என்றாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அவர், எனக்குப் பெரியப்பா முறை. ஏரலில் வெற்றிலை வியாபாரம். எல்லாக் கல்யாணத்துக்கும் வெற்றிலையோடு வருவார், கடைசிப் பந்தியில் சாப்பிடுவார், பஸ் பிடித்துப் போய்விடுவார். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர். மாமா கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு, “போடு” என்றார்.

வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். அகர வரிசை வரவில்லை, அடியில் இருந்த ஆங்கில விசைகளின் வரிசைதான் வந்தது. எழுத்துகளுக்கு முன்னால் குறிகளை வைப்பது கம்ப்யூட்டரின் வழக்கம். எங்கள் எழுத்துருவில் ‘இ’ காற்புள்ளி விசையில் இருந்தது. ஏரல் பெரியப்பாவின் பெயர் ‘இ’யில் தொடங்கும். அவர் எல்லாருக்கும் மேலே முதல் வரியில் போய் உட்கார்ந்தார்.

பத்திரிகை அப்படியே அச்சானது. முக்கூடல் பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “களக்காட்டுக்காரனுக்கும் கம்ப்யூட்டர்தான் போட்டுதா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் சமாதானமாகிவிட்டார். களக்காட்டிலும் அதே கேள்வி, அதே பதில்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் கேட்டது. மாலையோடு எட்டிப் பார்த்தேன். ஏரல் பெரியப்பா புதுப் பட்டு வேட்டியில், கையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பந்தி நிறைந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“முதல் பேரு என் பேரு வே! எனக்கு ரெண்டாம் பந்தியா? நான் ஏரலுக்கே போறேன்!”

போகவில்லை. கூடத்து மூலையில் ஒரு நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முக்கூடல் பெரியப்பா ஓடினார், களக்காட்டுச் சித்தப்பா ஓடினார். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்க அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய” என்று கெஞ்சினார்கள். மாமா குனிந்து காலைத் தொடாத குறையாக நின்றார். ஏரல் பெரியப்பா மூன்று தடவை முடியாது என்றார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள அவருக்கு வரவில்லை. சந்தோஷம் பொங்கிப் பொங்கி உதட்டோரத்தில் வழிந்தது. நாலாம் தடவை கூப்பிட்டபோது எழுந்து போய், தலைவாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் செய்த நூற்றுப் பதினெட்டில் அவர் பெயர் இல்லவே இல்லை. அடித்தவன் நான், எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.