பாலே ஆடியவர்களின் கால்களைக் காத்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பலர் அவரை ‘அமெரிக்காவில் டான்ஸ் கம்பெனியில் இருந்தவர்’ என்றே அறிவீர்கள். அங்கே அவர் என்ன செய்தார் என்பதைத் தம்பியாகிய நான் எழுதிவைக்க விரும்புகிறேன்.

அக்கா போடிக்குப் பக்கத்திலுள்ள சிலமலையில் பிறந்தார். அப்பா, போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டினார். அக்கா பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் சறுக்கி அப்பாவின் முழங்கால் முறிந்தது. எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்கா மதுரைக்குப் போய் பிசியோதெரபி படித்தார்.

“பொம்பளப் பிள்ளைக்கு ஊரான் காலைப் பிடிக்கிற சோலி எதுக்கு?” என்றார் பெரியப்பா.

“முதல்ல எங்கப்பா காலைப் பிடிக்கிறேன் பெரியப்பா. அவரு திரும்ப ஜீப்பு ஓட்டட்டும், அப்புறம் பேசுவோம்.”

அக்கா கற்றுக் கொடுத்த பயிற்சியால் இரண்டு ஆண்டுகளில் அப்பா மறுபடியும் மலைக்கு ஜீப் ஓட்டினார். பெரியப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

திருமணத்துக்குப் பின் மாமாவுடன் அமெரிக்கா சென்ற அக்கா, அங்குள்ள தேர்வுகளில் தேறி, ஒரு பாலே நடனக் குழுவில் சேர்ந்தார். முன்னாள் நடனக் கலைஞரான ஓர் அம்மையார், மூடிக்கிடந்த பஞ்சாலையில் பதினோரு பேரை வைத்துத் தொடங்கிய குழு அது. தரையைத் தாமே கூட்டிப் பெருக்கி வளர்த்தாராம். அக்கா சேர்ந்தபோது அது பல மாநிலங்களில் ஆடும் பெரிய குழு. நடைக்கூடம் நெடுகப் பழைய கலைஞர்களின் படங்கள். ஒவ்வொருவரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அக்கா விசாரித்தார். “விரல் நுனியில நின்னு ஆடுறாங்கடா தம்பி. அந்தச் சுவத்துல இருக்குற பாதிப் பேரால இன்னைக்கு மாடிப்படி ஏற முடியலையாம்” என்று போனில் வருந்தினார்.

குழுவின் ஆண்டு விழாவில் முதன்மை வேடம் கிளாரா என்ற இளம்பெண்ணுக்கு. நான்கு நாட்களே இருந்தபோது, அவர் வலியை மறைத்து ஆடுவதை அக்கா கண்டுபிடித்தார். பாத எலும்பில் விரிசல். ஆடக் கூடாது என்றார் அக்கா. கிளாரா அழுதார். தானும் வலியோடுதான் ஆடியதாகச் சொன்ன அம்மையார், கிளாரா ஆட அனுமதி தராவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னார்.

அன்று அக்கா என்னை அழைத்தார். “வேலை போனாப் போகுதுடா. அந்தப் பிள்ள கால் போனா நான் கொண்டாந்து தர முடியுமா?”

மறுநாளும் அக்கா போனார். அம்மையாரின் தோழி ஒருவர் இருபத்தாறு வயதிலேயே கால் கெட்டு ஆட்டத்தை விட்டவர். அவருடைய படத்தின் முன் அம்மையாரை நிறுத்தி, இவரை அன்றைக்கு யாராவது தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். மாலையில் ஆடுவோர் பட்டியலில் கிளாராவுக்குப் பதில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது.

விழா சுமாராகத்தான் நடந்தது. ஒரு மாதம் அம்மையார் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழு மாதம் கழித்துக் கிளாரா மேடையேறியபோது, அம்மையாரே அக்காவை முதல் வரிசையில் உட்காரவைத்தார். அதன்பின் அக்கா சரியென்று சொல்லாமல் யாரும் ஆடக் கூடாது என்பது அந்தக் குழுவின் விதியாயிற்று. கிளாரா மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடினார்.

மாமா மறைந்தபின் அக்கா போடிக்கே வந்தார். ஞாயிறுதோறும் ராசிங்காபுரத்திலிருந்தும் மலைத் தோட்டங்களிலிருந்தும் மூட்டு வலியோடு வந்த பெண்களைப் பார்த்தார். சொன்ன பயிற்சியைச் செய்யாதவர்களுக்குத் திட்டு நிச்சயம். “வெரசா நடக்கச் சொல்லல ஆத்தா, நேரா நடக்கச் சொன்னேன்” என்ற குரல் தெருவுக்கே கேட்கும்.

புற்றுநோய் கண்டபோது மருத்துவரிடம், “எத்தனை நாளுன்னு நேராச் சொல்லுங்க” என்று கேட்டறிந்து, செய்ய வேண்டியவற்றை முடித்துவிட்டே படுத்தார்.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், வேளைதோறும் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், இறுதி ஊர்வலத்துக்காக ஓட்டத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்த ஜீப் ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. கடைசி மூன்று வாரமும் கிளாரா இங்கேயே தங்கி அக்காவுக்குப் பணிவிடை செய்தார். இப்போது அதே குழுவில் பயிற்சி தரும் அவர், சென்ற வாரம் அழைத்தார்: “இன்று காலை ஒரு பெண்ணை ஆடவிடாமல் வீட்டுக்கு அனுப்பினேன். என்னைத் திட்டிக்கொண்டே போனாள்.”

பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் கால் நலம் பெறட்டும்.