ஜமால் பாய் மாட்டிய டீசல் முள்

கச்சிராயபாளையம் மெக்கானிக் ஜமால் முகமதுவுக்குத் தற்பெருமை பேசத் தெரியாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. மலைக்குச் சரக்கு ஏற்றும் மாயவனின் ஐம்பத்தெட்டாம் வருடத்து லாரியில், டீசல் அளவு காட்டாமல் செத்துக் கிடந்த முள்ளுக்கு உயிர் கொடுத்தவர் அவர். ஸ்பேர் கிடைக்காத வண்டி. டேங்குக்குள் மிதவையோடு தொங்கும் கருவியைக் கழற்றி, அதிலிருந்த கம்பிச்சுருளைத் துடைத்து, மிதவையின் ஓட்டைக்கு ஈயம் பற்றவைத்து மாட்டினார். மனைவி ஷர்புன்னிசா இறந்த பத்தாம் நாள் அது. ஸ்பேனரைத் தொடவே மனம் வரவில்லை. பட்டறையைப் பூட்டிவிட நினைத்திருந்தவரை அந்த ஒரு வேலைதான் இழுத்துப் பிடித்து நிறுத்தியது.

எட்டு வருடமாகப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "முள்ளு எப்டிக்கீது மாயவா?"

"கில்லி மாதிரி கீது பாய்."

அதைக் கேட்டால் போதும், அன்றைக்கு அவருக்கு வேலை ஓடும். பாவம், வண்டிக்கு அடியில் படுத்தே காலம் தள்ளிய மனுஷன். மேலே ஏறி அந்த முள்ளை ஒரு தரம் பார்ப்போம் என்று தோன்றவே இல்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ஒரு வாரம் ரோடெல்லாம் வெட்டிப் போட்ட மரங்கள் கிடந்தன. மறியல் முடிந்து அவற்றை ஓரமாக இழுத்துப் போடும்போது மாயவனுக்குக் கால் பிசகிவிட்டது. மலை ஊர்களிலோ அரிசியும் மண்ணெண்ணெயும் தீர்ந்துபோய்க் காத்திருந்தார்கள். மாயவன் கட்டுப் போடப் போயிருந்த நேரத்தில் ஜமால் அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி காசியம்மாளிடம், சரக்கேற்றி நின்ற லாரியின் சாவியை வாங்கினார். பங்க்குகள் திறக்கவில்லை என்றாலும் கவலை இல்லை, முள் ஃபுல்லில் நின்றது. பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்தார்.

மலை ஏறி மூன்றாவது வளைவில் லாரி இருமிக்கொண்டு நின்றது. டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். நுனி மட்டும்தான் நனைந்தது.

காசியம்மாள் சொல்லிக் கேட்டு, மத்தியானம் ஒரு டிராக்டரில் மாயவன் வந்து நொண்டிக்கொண்டே இறங்கினான். கையில், கரும்புக் கொல்லை மோட்டாரிலிருந்து வடித்த டீசல் கேன்.

"முள்ளு ஃபுல்லுன்னு காட்டுதேடா?"

"காலின்னா அப்டித்தான் காட்டும். ரொப்பினா கீழ எறங்கும். சுருள தலைகீழா மாட்டிட்ட பாய். மாட்டுன அன்னியிலேர்ந்து அப்டித்தான்."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

மாயவன் கேன் மூடியைத் திருகிக்கொண்டே நின்றான். "வாய் வர்ல. அண்ணி மவுத்தான அப்புறம் நீ தொட்ட மொத வேல அது. சரியில்லன்னா அத்தோட தொழில வுட்டுடுவன்னு பயம். எனக்கு இன்னா கஷ்டம்? முள்ளு காட்டுறத தலகீழா எடுத்துக்கினு ஓட்டுனேன்."

ஜமால் ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எட்டு வருடப் பெருமை போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தன்னை ஒருவன் இத்தனை நாள் சொல்லாமலே தாங்கியிருக்கிறான் என்பதுதான் பெரிதாகப் பட்டது. சட்டென்று சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"ஷர்புன்னிசா இருந்திருந்தா அன்னிக்கே சொல்லி, ஊரக் கூட்டிச் சிரிச்சிருப்பா" என்றார்.

அவள் மையத்தை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. மாயவன் கேனைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.