ஒரு வாளி பெட்ரோல்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் தக்கலை வட்டாரத்தில் என் கை படாத பம்ப் கிடையாது. குளச்சலில் படகுகளுக்கு டீசல் ஏற்றியதும் என் இன்ஜின் பம்ப்தான். அதனால்தான் அச்சு முறிந்து ரோட்டில் நின்ற டேங்கரின் பெட்ரோலை வேறு லாரிக்கு மாற்ற, அதன் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இது பெட்ரோலுக்கு ஆகாது அண்ணாச்சி. தீப்பொறி வராத பம்ப் வேணும்," என்றார் டேங்கர் டிரைவர், நான் கொண்டுபோன இன்ஜின் பம்பைப் பார்த்து.

"எனக்கே பம்ப பத்திச் சொல்லித் தாறீரா? நீரு வண்டிய ஓட்டும் வேய்," என்றேன்.

உச்சி வெயில். பம்ப் கொஞ்சம் இழுத்தது, பிறகு வெறுமனே ஓடியது. குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றுப் பம்ப் இழுக்காவிட்டால் அதன் வாயில் தண்ணீர் ஊற்றுவோம். அதே பழக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு, டேங்கரிலிருந்து ஒரு வாளி பெட்ரோல் பிடித்து ஊற்றப் போனேன். பக்கத்திலேயே சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஓய், கொளுத்திப் போடவா போறீரு? சுத்தி எத்தன பேரு நிக்காவ, பாரும்!"

பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாக முப்பது பேர் இருப்பார்கள். கையிலிருந்த வாளியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

முதலாளி வந்து, ஏன் வேலை நின்றது என்று கேட்டார். என் பேர் அன்றோடு போயிற்று என்று நினைத்தேன்.

"ஆபத்துன்னு அண்ணாச்சிதான் நிறுத்திட்டாரு. வேற பம்ப் கொண்டுவரச் சொல்லுதாரு," என்றார் டிரைவர்.

முப்பது உயிரைக் காத்தவர் என்று ஊரில் இன்றும் என்னைச் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். காத்தவர் அவர்தான். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.