தள்ளிப் பிடித்த பாரம்

முதியோர் இல்லத்தில் அவளுக்குக் கிரேன் அக்கா என்று பெயர். கட்டிலில் கிடப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது வேலை. எப்பேர்ப்பட்ட ஆளையும் ஒண்டியாகத் தூக்கிவிடுவாள். அந்தக் கிரேன் இரண்டு மாதமாக மக்கர் பண்ணியது. குனிந்தால் நிமிர முடியாத இடுப்பு வலி. இந்த மாதமும் இப்படியே போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

ஆஸ்டியோபதி பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனாள். ஊசி, மாத்திரை கிடையாது; கையாலேயே மூட்டையும் தசையையும் அழுத்தி இளக்கிவிடும் வைத்தியம். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போக சிரமமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, டாக்டரம்மா முதுகெலும்பின் ஓரமாக விரலை ஓட்டினார். இடது பக்கம் கல்லாய் இறுகியிருந்த இடத்தில் விரல் நின்றது. மூன்று தடவை கை வைத்ததில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. மூன்றாம் நாள் கேட்டார்.

"இது நேத்து வந்தது இல்லையே. முன்னாடி யாரைத் தூக்குனீங்க?"

"வீட்டுக்காரரை. ஆறு வருஷம். பக்கவாதம்."

"எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க."

காலிக் கட்டில் முன்னே நின்றாள். கை இரண்டையும் விறைப்பாக நீட்டி, இடுப்பை மட்டும் வளைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு தூக்கிக் காட்டினாள்.

"முகத்தை ஏன் திருப்புறீங்க?"

"பழக்கம்," என்றாள். பொய்.

பதினோரு வருஷம் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திவிட்டு, வாய் கோணி வலது கை விழுந்த பிறகுதான் அவள் புருஷனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது; திரும்பி வந்தான். அவள் கதவை மூடவில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள். இவளைப் போல உண்டா என்று அக்கம்பக்கம் மெச்சியது. மெச்சியவர்கள் யாரும் அவள் தூக்குவதைப் பார்த்ததில்லை. நாளைக்கு நாலு தடவை தூக்கினாள். ஒரு தடவைகூட அவன் உடம்பு தன்மேல் பட விட்டதில்லை. தூக்கும்போதெல்லாம் அவனுடைய நல்ல கை அவள் தோளைத் தேடி வரும். இவள் இன்னும் தள்ளிப் பிடிப்பாள். அவன் செத்துப்போய் மூன்று வருஷமாகிறது. அந்தக் கை மட்டும் போகவில்லை. இல்லத்தில் யாரைத் தூக்கினாலும் தோள் பக்கம் துழாவிக்கொண்டு வந்து நிற்கிறது. பயந்துபோய் எல்லோரையும் அப்படியே முகம் திருப்பித் தூக்கினாள்.

டாக்டரம்மா தானே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உடம்பைத் தளர்த்திக்கொண்டார்.

"பாரம் தள்ளிப்போகப் போக இடுப்புதான் அடி வாங்கும். முட்டியை மடக்குங்க. கிட்ட வாங்க. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு காலால எழுந்திரிங்க. அவரை இப்படித் தூக்கியிருந்தா வலி இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அவளால் கிட்டப் போக முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை, இடது பக்கம் செயலிழந்த கணக்கு வாத்தியாரை எழுப்ப வேண்டும். மேற்பார்வையாளர் கதவருகே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லை. முட்டியை மடக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அவரை நெஞ்சோடு சேர்த்தாள். வாத்தியாரின் நல்ல கை தடவித் தடவி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை பிடிக்க விட்டாள். எழுந்தாள். சுள்ளென்று ஒன்றுமே இல்லை. இவ்வளவு சுலபமா? ஆறு வருஷமும் இவ்வளவு சுலபமாகவா இருந்திருக்கும்?

"வலிக்குதாம்மா?" என்று வாத்தியார் காதருகே கேட்டார்.

"இல்லைங்கய்யா," என்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அவரை இறக்கிவிட அவளுக்கு மனசு வரவில்லை.